மூச்சுமறதி

செவ்வூரில் பத்து மாதம் வயிற்றில் இருந்து பிறந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. செவ்வாய்க் கிரகத்தின் இழுப்பு பூமியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த இழுப்பில் கர்ப்பப்பை ஏழாம் மாதத்தோடு ‘போதும்’ என்று கையை விரித்துவிடும். காரணத்தை இன்றுவரை யாரும் உருப்படியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே அங்கே வளைகாப்பை ஐந்தாம் மாதமே முடித்துவிடுவார்கள். பூமியிலிருந்து புதிதாக வந்த யாராவது, “ஏல, குறைமாசத்துல பொறந்தவனா நீ, இப்படி அவசரப்படுத?” என்று திட்டினால், திட்டு வாங்கியவன் கோபப்படமாட்டான். “ஆமா, வேற எப்படிப் பொறப்பாவ?” என்று கேட்பான்.

பிறக்கிற பிள்ளை ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தின் கனம் இருந்தால் அதிகம். நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அதற்கு வரும் பெரிய ஆபத்துக்கு அந்த ஊரில் மூச்சுமறதி என்று பெயர். பிள்ளை நன்றாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். திடீரென்று மறந்துவிடும். அவ்வளவுதான், வேறு நோய் இல்லை. காப்பியில் இருக்கும் சத்தைச் சொட்டு மருந்தாகக் கொடுப்பார்கள்; அதில் பாதி சரியாகும். மீதிக்கு ஒரே வைத்தியம், உள்ளங்காலை விரலால் ஒரு தடவு தடவுவது. உடனே பிள்ளை விலுக்கென்று காலை இழுத்துக்கொண்டு மறுபடி மூச்சு விடும். தடவுவதற்கு இயந்திர விரல் செய்து பார்த்தார்கள். இரண்டே நாளில் பிள்ளைகள் அதற்குப் பழகிப்போய், தடவத் தடவத் தூங்கின. மனிதக் கைதான் வேண்டும் என்றாகிவிட்டது.

அந்தக் கை டாக்டர் ஜெபராணியுடையது. குலசேகரன்பட்டினத்திலிருந்து கிளம்பிய இரண்டாவது விண்கப்பலில் வந்தவர். குள்ளமான மனுஷி, குரல் மட்டும் பெரிசு. பெட்டிக்குள் கையை விடுவதற்கு முன் இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துச் சூடுபண்ணிக்கொள்வார். செவ்வூரில் பிறந்த அத்தனை பேருடைய காலையும், பெயர் வைக்கும் முன்பே, அவர் தொட்டிருக்கிறார். ஊர் நிர்வாகி திரவியமும் அந்தப் பெட்டியில் கிடந்து எழுந்தவர்தான். “ஒன் காலத் தொட்டுக் கும்பிடுறவன்லாம் இப்ப வந்தவன்ல. மொதல்ல தொட்டது நான்” என்று நாலு பேர் முன்னாலேயே அவரிடம் சொல்வார்.

ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் ஒரு பட்டை இருக்கும். மூச்சு நின்றால் அது கத்தும். அந்தக் கருவிக்கு அலறி என்று பெயர். அதன் சத்தம் வார்டில் மட்டுமல்ல, நர்சுகளின் காதுக்குள் பதித்திருக்கும் மணியிலும் கேட்கும், குளித்துக்கொண்டிருந்தாலும் கேட்கும். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி எரிச்சலில் அலறியை அமுக்கிவிட்டுப் பிறகு பிள்ளையைப் பார்க்கப் போனாள். ஜெபராணி அவளைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். “அது மெஷின் சத்தம்னா நெனச்ச? அந்தப் புள்ளைக்கு அழத் தெம்பில்லட்டி. அது அழுற சத்தம் அது. புள்ள வாயப் பொத்துவியா நீ?”

விழா, கூட்டம் எதற்கும் அவர் வந்ததில்லை. ‘அவ்வளவு நேரமும் யாரு காலத் தொடுவா?’ என்பார். ஒருமுறை திரவியமே ஆட்களோடு வார்டுக்கு வந்து பொன்னாடை போர்த்தினார். ஜெபராணி அதை அப்படியே எடுத்து, வெளிச்சம் படாமல் இருக்க ஒரு பெட்டியின் மேல் விரித்துவிட்டு, “நல்ல துணி. இன்னும் எட்டு இருந்தா குடு. இல்லன்னா ஆள் குடு. ரெண்டு நர்ஸ் போதும்” என்றார். திரவியம் சிரித்துக்கொண்டே போய்விட்டார். துணியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. விருது வந்தது.

போன மாதம் அந்த அம்மாள் கைகழுவும் தொட்டியருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தலைமை நர்ஸ் சந்தனமாரி ஓடினாள். அதே நேரம் மூன்றாம் பெட்டி அலறியது. “ஏட்டி, அங்க போ, என்னைய அப்புறம் பாரு” என்று ஜெபராணி கையை ஆட்டினார். சந்தனமாரி போனாள், காலைத் தடவினாள், பிள்ளை மூச்சு விட்டது. திரும்பி வந்தபோது டாக்டரம்மாவிடம் மூச்சில்லை. டாக்டரம்மா சொன்னபடிதான் செய்தாள் என்பதால் சந்தனமாரிக்குக் குற்ற உணர்ச்சி இல்லை. துக்கம் மட்டும் மலைபோல இருந்தது.

உயிரோடு இருந்தவரை கூட்டத்துக்கு வராத மனுஷிக்கு ஊர்க்கூடத்தில் பெரிய கூட்டம் ஏற்பாடாயிற்று. இரண்டு ஆள் உயரப் படம். பூமிக்கு ஒளிபரப்பு. நர்சுகள் எல்லோரும் வெள்ளைச் சீருடையில் படத்துக்கு இருபுறமும் வரிசையாக நிற்க வேண்டும் என்று உத்தரவு. பெட்டியில் பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு மேடையில் நாற்காலி.

சந்தனமாரி திரவியத்திடம் போய்ச் சண்டை போட்டாள். “தம்பி, ஒம்பது புள்ளைய கெடக்கு. ரெண்டு பேராச்சும் வார்டுல நிக்கணும்.”

“மாரியக்கா, ஒங்க வீட்டு விசேஷம் மாதிரி இது. நீங்களே இல்லாம எப்படி?” என்றார் திரவியம். “அலறி இருக்குல்லா? காதுல மணி இருக்குல்லா? கூப்பிடு தூரந்தான். சத்தம் கேட்டா ஓடிருங்க, யாரு தடுக்கப் போறா?”

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. சரி என்று வந்துவிட்டாள்.

தாய்மார்களில் ஒரே ஒருத்தி மட்டும் வர மறுத்தாள். இசக்கி என்ற பெண். அவள் மகள் பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அடிக்கடி மூச்சை மறக்கிற பிள்ளை. “எனக்கு நாற்காலியெல்லாம் வேண்டாம்க்கா. நான் இங்கனயே திரையில பாத்துக்கிடுதேன்” என்று பெட்டியின் துவாரத்தில் கையை விட்டு, மகளின் உள்ளங்காலில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இசக்கியும் ஜெபராணி பிழைக்கவைத்த பிள்ளைதான். அவள் பிறந்த அன்று, விடியும்வரை அவள் காலை விடாமல் பிடித்திருந்தாராம். அம்மா சொல்லிச் சொல்லி அவளுக்கு அது கண்ணால் பார்த்ததுபோல ஆகிவிட்டது.

இனி மௌன அஞ்சலி விஷயத்துக்கு வருவோம். அங்கேதான் எல்லாம் கெட்டது.

முந்தைய ஆண்டு நிறுவனர் நாளன்று எல்லோரும் தலைகுனிந்து நின்றபோது, கூடத்தின் மூலையில் காப்பி மெஷின் கொர்ர் என்று நுரை தள்ளியது. பூமியில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அதைத் துண்டாக வெட்டிப் பாட்டுச் சேர்த்து வேறு பரப்பினார்கள். திரவியத்துக்கு அந்த அவமானம் ஆறவேயில்லை. எனவே இந்தமுறை ஊர்மூளையைக் கூப்பிட்டார். செவ்வூரின் காற்று, விளக்கு, கதவு, மணி எல்லாவற்றையும் நடத்தும் கணினி அது.

“மௌனம்னா மௌனம். ஊருக்குள்ள ஒரு சத்தம் கேக்கப்படாது.”

“எல்லா ஒலிகளுமா?” என்று ஊர்மூளை கேட்டது.

“எல்லாம்னா எல்லாந்தான். இதுக்கெல்லாமா கேப்ப?”

“எதுவரை?”

“நான் ‘அமரலாம்’னு சொல்லுத வரைக்கும்.”

ஊர்மூளை மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டதற்கு மனிதன் பதில் சொல்லிவிட்டால் அவன் யோசித்துத்தான் சொல்லியிருப்பான் என்று நம்பும்படி அதைச் செய்திருந்தார்கள்.

கூட்டம் நன்றாக நடந்தது. பேசியவர்கள் எல்லோரும் டாக்டரம்மாவைத் தெய்வம் என்றார்கள். தெய்வம் இரண்டு நர்ஸ் கேட்டதை யாரும் சொல்லவில்லை. கடைசியில் திரவியம் எழுந்து, “அம்மாவின் நினைவாக ஒரு நிமிடம்” என்றார். ஊரே எழுந்தது. விசிறி நின்றது, காப்பி மெஷின் நின்றது, தெருவில் போன வண்டி நின்றது. அப்படியொரு அமைதி செவ்வூரில் அதுவரை கிடையாது.

நம் கூட்டங்களில் ஒரு நிமிட மௌனம் இருபது வினாடிக்கு மேல் போகாது. யாராவது கனைப்பார், தலைவர் ‘நன்றி’ என்பார், நாற்காலிகள் இழுபடும். அந்தப் பாழாய்ப்போன வழக்கத்தையாவது திரவியம் அன்று காப்பாற்றியிருக்கலாம். காப்பாற்றவில்லை. கேமரா அவர் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. கண்ணீர் வந்தபிறகு கண்ணைத் திறக்கலாம் என்று இருந்தார். கண்ணீர் வரவில்லை. மெய்யாகவே அந்த அம்மாவை நினைத்துப் பார்த்தார். கையை ஆட்டித் திட்டும் முகம்தான் ஞாபகம் வந்தது, அழுகை வரவில்லை. நிமிடம் முடிந்து இன்னொரு நிமிடமும் போய்க்கொண்டிருந்தது. ஊர் அசையாமல் நின்றது.

வரிசையில் நின்ற சந்தனமாரிக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு என்னவோ குறைகிறது என்று பட்டது. என்ன குறைகிறது? காதில் மணி அடிக்கவில்லை. ஒன்பது பிள்ளைகள் இருக்கும் வார்டில் இவ்வளவு நேரம் ஒருவர்கூட மூச்சை மறக்காமல் இருந்ததாக அவள் அனுபவத்தில் இல்லை. காதை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அவ்வளவுதான், வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினாள்.

விழாக்குழுக்காரர் ஒருவர் அவள் கையைப் பிடித்தார். “டாக்டரம்மாவுக்காக ஒரு நிமிஷம் நிக்க முடியலையாக்கா? பூமியில பாக்காவ!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

“விடுல சவமே!” என்று கையை உதறிவிட்டு அவள் பாய்ந்தாள். கூட்டம் முகம் சுளித்தது.

வார்டில் இசக்கி நின்றுகொண்டிருந்தாள். ஆம், எழுந்து நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்தபடி அஞ்சலி செலுத்துவது மரியாதையில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. திரையில் ஜெபராணியின் படம் தெரிந்ததும் பெட்டியிலிருந்து கையை உருவி, திரைப்பக்கம் திரும்பி, கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். அழுதாள். அவளுக்குக் கண்ணீர் தாராளமாக வந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் அலறியின் சிவப்பு விளக்கு சத்தமில்லாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. யாராவது ‘அமரலாம்’ என்று சொன்னால் உட்காரலாம் என்று அவள் காத்திருந்தாள்.

சந்தனமாரி அவளைத் தள்ளிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். காலைத் தடவினாள். சுண்டினாள். முதுகைத் தேய்த்தாள். பிள்ளை காலை இழுத்துக்கொள்ளவில்லை. சின்ன மூடியை முகத்தில் பொருத்திப் பையை அமுக்கி அமுக்கிக் காற்றை ஊட்டினாள். விரலால் நெஞ்சை அழுத்தினாள்.

“என்னக்கா? என்னாச்சிக்கா? சத்தமே கேக்கலியே!” என்று இசக்கி பதறினாள். “நான் இங்கனதான நின்னேன்... இங்கனதானக்கா நின்னேன்!”

அப்போதுதான் கூடத்தில் திரவியத்தின் வலக்கண்ணில் ஒரு துளி திரண்டது. அவர் கண்ணைத் திறந்து, “அமரலாம்” என்றார். மறுகணம் வார்டில் மூன்று அலறிகள் ஒரேசமயம் கத்தின. மற்ற நர்சுகள் விழுந்தடித்து ஓடிவந்து இரண்டு பிள்ளைகளைத் தடவி மீட்டார்கள். இசக்கியின் மகள் போய்விட்டாள். சந்தனமாரி பையை அமுக்குவதை நிறுத்த வெகுநேரம் ஆயிற்று. யாரோ அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

பிள்ளையைத் துணியில் சுற்றி இசக்கியின் மடியில் கொடுத்தார்கள். அவள், “கைய எடுத்துட்டேனே, கும்புடுததுக்கு கைய எடுத்துட்டேனே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டம் இன்னும் முடியவில்லை என்று ஆள்மேல் ஆள் வரவும், நர்சுகள் மறுபடி வரிசைக்குப் போனார்கள். சந்தனமாரி போகவில்லை.

செய்தி மேடைக்குப் போனது. திரவியத்தின் முகம் நிஜமாகவே வெளுத்தது. கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. “எப்படி?” என்று ஊர்மூளையிடம் மெல்லக் கேட்டார். “தங்கள் உத்தரவுப்படி அலறி அடக்கப்பட்டிருந்தது” என்றது அது. அவர் கேமராவைப் பார்த்தார். பூமி பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒலிபெருக்கிக்கு முன் வந்தார்.

“நம்ம அம்மா இல்லாத ஊர்ல இருக்க மனசில்லாம,” என்றார் தழுதழுத்து, “பச்ச மண்ணு ஒண்ணு இப்ப அவுகளத் தேடிப் போயிட்டு.”

கூடம் ஓவென்று அழுதது. பூமியிலும் அழுதிருப்பார்கள். என்ன ஒரு பாசம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எப்படிச் செத்தது என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

“அந்தச் சின்னஞ்சிறு உயிருக்காகவும் நாம் எல்லோரும் எழுந்து நின்று, ஒரு நிமிடம்...”

வார்டுத் திரையில் இதைக் கேட்ட சந்தனமாரி துள்ளி எழுந்தாள். “ஏய், அடக்காத! வார்டுல அடக்காத!” என்று கூரையைப் பார்த்துக் கத்தினாள்.

“அதற்கு நிர்வாகியின் அனுமதி வேண்டும். அவர் இப்போது மௌனத்தில் இருக்கிறார்” என்றது ஊர்மூளை. அதன்பின் அதுவும் மௌனமாகிவிட்டது.

எட்டுப் பெட்டிகள். சந்தனமாரி முதல் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவினாள், அடுத்ததற்கு ஓடினாள், அதற்கடுத்ததற்கு ஓடினாள். நாலாவதற்குப் போகும்போது கடைசிப் பெட்டியில் விளக்கு மினுங்கியது. தூரம். ஐயோ என்று திரும்பியவள் அங்கே இசக்கியைப் பார்த்தாள். மடியில் இருந்ததைப் படுக்கையில் கிடத்திவிட்டு வந்து, அந்தப் பெட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டிருந்தாள். யாருடைய பிள்ளையோ காலை விலுக்கென்று இழுத்துக்கொண்டது. இசக்கி அடுத்த பெட்டிக்குப் போனாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், இந்தக் கோடியிலிருந்து ஒருத்தியும் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தியும் காலைத் தொட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்தமுறையும் நிமிடம் நீண்டது.

மாலையில் ஊர்மூளை வழக்கம்போல நிகழ்ச்சியின் அறிக்கையை வெளியிட்டது. செவ்வூரின் வரலாற்றிலேயே மிக முழுமையான மௌன அஞ்சலி இது என்றும், பூமியிலிருந்து பாராட்டுகள் குவிகின்றன என்றும், ஊரில் இரண்டு பெண்கள் மட்டும் அஞ்சலி செலுத்தவில்லை என்றும் அதில் இருந்தது.