சுண்ணாம்பு குடிக்காத கல்

மாதா திருநாளுக்கு முந்தின நாள், காலை பத்து மணி. ஏதென்ஸ் வக்கீல் ஃபேதோன் காப்பிக்கடையை விட்டு வெளியே வந்தார். கோயில் படியோரம் வைத்திருந்த அவருடைய தோல்பெட்டியைக் காணவில்லை.

விடியற்காலைப் படகில் வந்தவர் அவர். ஒரு காப்பி குடிக்க நுழைந்தார். எங்கள் ஊரில் விருந்தாளிக்கு ஒருவர் காப்பி வாங்கிக் கொடுத்தால் எல்லோரும் வாங்கிக் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் பத்து மணி ஆனது.

எங்கள் தீவில் திருட்டே கிடையாது. எடுத்துக்கொண்டு ஓட இடம் போதாது. லாக்கப்பில் பாலாடைக்கட்டி வைத்திருக்கிறோம். காற்று அடிக்கிற அடியில் எங்கள் கழுதைகள் சாய்ந்தபடியேதான் பிறக்கின்றன. அன்று விடிந்ததும் வெள்ளையடித்த சுவர்களெல்லாம் அதற்குள் சுக்காய்க் காய்ந்திருந்தன.

"புகார் எழுதுங்க. மதியப் படகுல கிளம்புறேன். இந்தத் தீவுல திருடன் இருக்கான்னு ஏதென்ஸ் முழுக்கச் சொல்வேன்!" என்று வக்கீல் குதித்தார்.

சத்தம் கேட்டுப் படியிறங்கிய பாதிரியார் கடைசிப் படியில் தடுக்கி விழப் போனார். "முப்பது வருஷமாக் கண்ணை மூடிக்கிட்டு இறங்குறேன். இன்னிக்கு என்ன வந்துச்சு?"

ஊர்த்தலைவர் சாரந்தோஸ் வெளிறிப்போய்ப் படியோரக் கல்லில் உட்கார்ந்தார். "போச்சு! நம்ம மானம் கப்பலேறப் போகுது."

போலீஸ்காரி ஆர்கிரோ வந்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு இதுதான் முதல் வழக்கு.

"பெட்டி வெச்சப்போ இங்க யார் இருந்தாங்க?"

"யாருமில்ல. வெள்ளையடிக்கிற அம்மா மட்டும்."

அது கல்லிரோய் அத்தை. எங்கள் ஊரின் வெண்மை அவள் கைவண்ணம். அந்த வெண்மை வந்த பிறகு கலங்கரை விளக்கத்தை அணைத்துவிடும்படி மாலுமிகளே கேட்டுக்கொண்டார்கள்.

"அத்தை, திருடன் யாரையாவது பார்த்தீங்களா?"

"திருடனா? நம்ம ஊர்லயா? வாயைக் கழுவுடி."

"கேட்டீங்களா வக்கீல் சார்?" என்று தலைவர் ரோஷமாக எழுந்தார். ஊரே சிரித்தது. திருநாளுக்குத் தைத்த கறுப்புக் கால்சட்டையின் பின்பக்கம் வெள்ளை வெளேரென்றிருந்தது.

ஆர்கிரோ மட்டும் சிரிக்கவில்லை.

"தலைவரே, திரும்புங்க."

"விளையாடாதே பொண்ணே!"

"திரும்புங்கன்னேன்."

பார்த்தாள். சுவரை விரலால் தேய்த்தாள், ஒட்டவில்லை. தலைவர் உட்கார்ந்திருந்த கல்லைத் தேய்த்தாள், விரல் வெளுத்தது.

"ஊர்ல எல்லாம் காஞ்சிருக்கு. இது மட்டும் ஈரம். கல்லு சுண்ணாம்பைக் குடிச்சிடும். தோல் குடிக்காது. நேத்து இல்லாத கல்லு இது, அதான் பாதிரியாருக்கு இடறுச்சு." தட்டினாள். டொக்கென்றது. "கல்லிரோய் அத்தை, குத்தவாளி நீங்கதான்."

அத்தை தூரிகையைக் கீழே வைக்கவில்லை. "அசையாம நின்னுச்சு. பூசினேன்."

"சொல்லியிருக்கலாமே!" என்று வக்கீல் கத்தினார்.

"திருடனைத்தானே கேட்டா? பெட்டியை யாரு கேட்டா?"

பிறகு பெட்டியைச் சுற்றி வந்து, தலைவர் உட்கார்ந்து கலைத்த இடத்தைப் பார்த்தாள். முகம் சுளித்து, அங்கே இன்னொரு கை பூசினாள்.

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதியப் படகு அவர் இல்லாமலே போனது. புகார் எழுதப்படவே இல்லை. எங்கள் தீவில் இன்றுவரை திருட்டு கிடையாது.

ஒவ்வொரு திருநாளுக்கும் வக்கீல் அதே வெள்ளைப் பெட்டியோடு வருகிறார். கோயில் படியில் உட்கார்ந்தால் மட்டும், அத்தை தூரிகையோடு பக்கத்தில் இருக்கும் வரை, காலை ஆட்டிக்கொண்டே இருப்பார்.