பிரஷ் நுழையாத இடம்

"இது பிரஷ்ல அடிச்சது இல்லை... ஸ்ப்ரே."

அவள் நிமிர்ந்தாள். மேசைக்கு எதிரே ஒருவன். நல்ல கண்கள்தான்... கறுகறுவென்று, ஆழமாய். ஆனால் அந்தக் கண்கள் அவளைப் பொய்க்காரி என்றல்லவா சொல்கின்றன? குட்டி ரயில் மாடல்களின் கண்காட்சியில், பிரஷால் வண்ணம் தீட்டிய இன்ஜின்களுக்கான போட்டி மேசை அது. பேங்கில் கேஷியர் வேலை முடிந்து வந்து, மெல்லிய பூச்சின் மேல் பூச்சாக, மாதக்கணக்கில் அவள் தீட்டிய பச்சை நீராவி இன்ஜின் அது.

"பிரஷ்தாங்க."

"தடம் ஒண்ணுகூட இல்லையே. நானும் பல வருஷமா ஸ்ப்ரே கன்ல அடிக்கிறவன். இந்த வழவழப்பு அதுலதான் வரும்."

"உங்களுக்குக் கைவரலைன்னா யாருக்குமே வராதா?"

வாய் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அவன் விறுவிறுவென்று நடுவரிடம் போய்ப் புகார் சொல்லிவிட்டான். மாலைக்குள் நிரூபிக்க வேண்டும்... இல்லையென்றால் ஏமாற்றுக்காரி என்ற பெயரோடு வீடு திரும்ப வேண்டும்.

"கண் டாக்டராம்டி," துப்பு விசாரித்து வந்தாள் துணைக்கு வந்திருந்த அண்ணி. "ஆளு லட்சணமாத்தான் இருக்கான். உனக்குச் சண்டை போட வேற ஆளே கிடைக்கலையா?"

"சும்மா இருங்க அண்ணி."

நிரூபிக்க வழி இருந்தது. அதுதான் கொடுமை. சக்கரத்துக்குப் பின்னால், பிரஷ் நுழையாத சந்தில், நகக்கண் அளவுக்கு வெறும் பித்தளை பல்லிளித்தது. ஸ்ப்ரே என்றால் சாரல் அங்கேயும் பாய்ந்திருக்கும். திருப்பிக் காட்டினால் போதும். ஆனால் அந்தக் குறையை ஊரே பார்ப்பதா... மாட்டேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. இன்ஜினை வைத்துக் கட்டிக் கிளம்ப அவள் அட்டைப்பெட்டியை எடுத்தாள்.

"இன்னொரு தடவை பாக்கலாமா?" மறுபடியும் அவன். கையில் சின்ன டார்ச்.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இன்ஜினைத் தூக்கி, அடியில் வெளிச்சம் அடித்தான். அந்தக் கண்கள் ஓரிடத்தில் நின்றன. பார்த்துவிட்டான்... அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் இன்ஜினைப் பூப்போல வைத்துவிட்டு நடுவரிடம் போனான்.

"சார், இது பிரஷ் வேலைதான். புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எப்படித் தெரிஞ்சது?"

"என் கண்ணுதான் தப்பு சார்."

"டாக்டருக்கே கண்ணாடி தேவைப்படுதுப்பா," என்றார் நடுவர். கூடம் முழுக்கச் சிரிப்பு. அவனும் சேர்ந்து சிரித்தான்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. அண்ணியோ யாரும் கேட்காமலே டீ வாங்கப் போய்விட்டாள்.

"அந்த இடத்தைக் காட்டியிருந்தா உங்களை யாரும் கேலி பண்ணியிருக்க மாட்டாங்களே... ஏன் காட்டலை?" திரும்பி வந்தவனிடம் கேட்டாள்.

"பேர் போனாலும் பரவாயில்லைன்னு நீங்க மூடி வச்சது. அதை நான் தொறந்து காட்டலாமா?" அவன் தலைகுனிந்தான். "மன்னிச்சிடுங்க. பிரஷ்ல இப்படி வரும்னு ஒத்துக்க என் வறட்டு கௌரவம் விடலை. இப்ப உங்ககிட்ட பேசாம வீட்டுக்குப் போகவும் மனசு விடலை... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அட்டைப்பெட்டியை மேசைக்கடியில் தள்ளினாள்.

"நீங்க டார்ச் அடிச்சப்ப... ஜெயிக்கணும்னு நான் வேண்டிக்கலை. அதைப் பாத்து நீங்க முகம் சுளிச்சிடக் கூடாதேன்னுதான்..."

"சுளிச்சேனா?"

"இல்லை," என்றாள் மெல்ல. "அதனாலதான் எனக்கும் பிடிச்சுப் போச்சு."