வெயிலில் விழித்த காடு

வானம்பாறைக் காட்டில் காலையில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நின்றதும் தேவாங்குகள் கிளைகளில் ஊர்ந்து வெளியே வந்தன. முள்ளம்பன்றிகள் கிழங்கு தோண்டின. புனுகுப்பூனைகள் பாதையைக் கடந்தன. யாரும் வியக்கவில்லை. இரவு விலங்குகள் அங்கே பகலில் நடமாடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

எல்லாம் நேரமாற்றியின் வேலை. அரிசியளவுச் சில்லு. காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் இருந்துகொண்டு, பகலை இரவென்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மூளை நம்பிவிடும். உடல் நம்புவதில்லை என்பதைக் காட்டின் கால்நடை மருத்துவர் செண்பகவல்லி தாமதமாகத்தான் உணர்ந்தார்.

அன்று அவர் மேசையில் கிடந்த தாய்த் தேவாங்கின் பெரிய கண்கள் வெயிலில் வெந்து சிவந்திருந்தன. பால் வற்றிவிட்டது. குட்டி சப்பிச் சப்பிப் பார்த்துச் சோர்ந்தது. மதியத்துக்குள் தாய் இறந்துபோனது.

"குட்டிக்குச் சில்லு வெச்சாச்சா டாக்டர்?" என்று கேட்டபடி வந்தார் மேலாளர் சவரிமுத்து.

"வைக்க மாட்டேன் சார். அதோட அம்மா செத்ததே அதனாலதான்."

"ஜனங்க பகல்லதானே வர்றாங்க? தூங்குற மிருகத்தைக் காட்டவா டிக்கெட் போடுறோம்?"

"அப்ப ராத்திரி வரட்டும்."

"அவங்க எப்பம்மா தூங்குறது?" என்று சிரித்தார் சவரிமுத்து.

செண்பகவல்லி வேலையை உதறினார். பால்புட்டியைக் கவ்விய குட்டியைப் படமெடுத்து, தாய் இறந்த காரணத்தோடு வெளியிட்டார். நாடு கலங்கியது. கல்லூரி மாணவர்கள் காட்டின் வாசலில் திரண்டனர். அவர் மகள் நிறைமதியும் பதாகை ஏந்தித் தொண்டை கட்டும்வரை முழக்கமிட்டாள். விலங்குகளுக்கு நேரமாற்றி வைப்பதை அரசு தடைசெய்தது. சில்லுகளை அகற்றும் பணியைச் செண்பகவல்லியே முன்னின்று முடித்தார். காடு பகலில் உறங்கத் தொடங்கியது.

நிம்மதியோடு அவர் வீடு திரும்பியபோது மாலையாகியிருந்தது. நிறைமதி அப்போதுதான் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் சிறிய கட்டு.

"என்னடி இது?"

"வேலை கிடைச்சிருச்சும்மா! வெளிநாட்டுக் கம்பெனி. அவங்களுக்குப் பகல்னா நமக்கு ராத்திரி இல்லையா, அதான். ஆபீஸ்ல எல்லாருக்கும் வெச்சாங்க."

செண்பகவல்லி அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். "அந்தத் தேவாங்கு எப்படிச் செத்துச்சுன்னு தெரிஞ்சுமா?"

"அது வாயில்லா ஜீவன், பாவம். அதுகிட்ட யாரும் கேக்கலை," என்றாள் நிறைமதி, வாயைக் கொப்பளித்துவிட்டு. "எங்ககிட்ட சம்மதம் கேட்டுத்தானேம்மா வெச்சாங்க."