இரண்டாவது டேக்

காயம் போகவில்லை.

மெழுகு உரிந்து வந்துவிட்டது. பசையும் வந்துவிட்டது. மேலே பூசிய சிவப்பும் கறுப்பும் பஞ்சோடு போய்விட்டன. மகளின் கழுத்தில், காது மடலுக்கு நாலு விரல் கீழே, இரண்டு சிறு புள்ளிகள் மட்டும் அப்படியே இருந்தன. அம்மா புதுப் பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்து இன்னொரு முறை துடைத்தாள். புள்ளிகள் கொஞ்சம் ஈரமாயின, அவ்வளவுதான்.

"எரியுதாடி?"

"இல்லம்மா."

ஸ்பிரிட் பட்டாலே ஊரைக் கூட்டுகிற பெண். இன்று நாற்காலியில் சாய்ந்து, கண்ணைத் திறக்காமல், யாருக்கோ பதில் சொல்வதுபோல் சொன்னாள். புதுப் பசை ஒத்துக்கொள்ளவில்லை, அதுதான் தடித்துவிட்டது என்று அம்மா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இந்தத் தொழிலில் எத்தனையோ கழுத்துகள் தடித்துப் பார்த்தவள்தான். ஆனாலும் இன்னொரு முறை துடைத்துப் பார்த்தாள்.

யூனிட்டில் அவளை எல்லோரும் மேக்கப் அக்கா என்பார்கள். மகளைக் குட்டி என்பார்கள். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் நான்கு பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய தொடர் அது. அந்த நாலு பேரில் குட்டிதான் கடைசி. இப்போது எடுத்துக்கொண்டிருந்த ஏழாவது எபிசோடில் அவளைக் காட்டேரி கடித்துவிடுகிறது. கடிக்கும் காட்சியைக் காலையிலேயே எடுத்து முடித்துவிட்டார்கள். அடுத்து எடுக்கப்போவது கதைப்படி அதற்கு முன்னால் வரவேண்டிய காட்சி, அதனால் கழுத்து சுத்தமாக இருக்க வேண்டும். படப்பிடிப்பில் நாளை முன்னால் வரும், நேற்று பின்னால் வரும். அதற்கெல்லாம் ஈடுகொடுப்பது மேக்கப்காரியின் தலையெழுத்து.

மூடிக்கிடந்த ஒரு விடுதிப் பள்ளியைப் பிடித்திருந்தார்கள். வெளியே சுள்ளென்று வெயில், முற்பகல் நேரம். உள்ளே நடுநிசி. லைட்காரர்கள் எல்லா ஜன்னல்களிலும் கனத்த கறுப்புத் துணியைக் கட்டி, ஓரங்களை டேப்பால் ஒட்டி, ஊசிமுனை வெளிச்சம்கூட நுழையாதபடி அடைத்திருந்தார்கள். முதலில் துணி கட்டிய நாளிலிருந்தே அந்தக் கட்டடம் வேறு மாதிரி மணக்க ஆரம்பித்தது. பூட்டிக்கிடந்த அறைகளின் ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் சூடேறிய விளக்குகளின் கருகலும் கலந்த வாடைக்கு அடியில், வெகுநாள் திறக்காத இரும்புப் பெட்டியைத் திறந்ததுபோல் இன்னொரு வாடை, மூக்கு அதைப் பிடிப்பதற்குள் விலகிப்போகிற வாடை, நடைபாதையின் கோடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. யாரிடமாவது சொன்னால் பேய்ப்படம் எடுக்க வந்தவளுக்குப் பேய் பயமா என்று கேலி செய்வார்கள். அதனால் சொல்லவில்லை.

மகளுக்கு உடம்பு சரியில்லை என்று டைரக்டரிடம் போய் நின்றிருக்கலாம். ஆனால், கடி வாங்கியதோடு கடைக்குட்டியைச் சாகடித்துவிட்டால் கதை சுருக்காக முடியும் என்று முந்தின நாள்தான் அவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். அம்மா கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, இன்னும் நாலைந்து எபிசோடாவது இருக்கட்டும் என்று வாக்கு வாங்கி வந்திருந்தாள். இப்போது போய் நின்றால் சாக்குக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். தோல் நிறத்துக் கிரீமை விரல் நுனியில் எடுத்து இரண்டு புள்ளிகளின் மேலும் ஒற்றினாள். மேலே பவுடர். கழுத்து பளிச்சென்று ஆகிவிட்டது.

"என்ன ஆண்ட்டி, இன்னுமா அலங்காரம்?" என்று கேட்டுக்கொண்டே தலைவி நுழைந்தாள். தொடரில் வேட்டைக்கூட்டத்துக்குத் தலைவி, அதனால் வெளியிலும் அதே பெயர். இடுப்பில் தெர்மாகோல் ஈட்டி, வாயில் குட்டியின் டப்பாவிலிருந்து எடுத்த பிஸ்கட். அவளுடைய அம்மாவுக்கு ஆபீஸ் வேலை, கூட வர முடியாது. "என் பொண்ணையும் உங்க பொண்ணா நெனச்சுப் பாத்துக்கங்க அக்கா" என்று தினமும் காலையில் போன் செய்வாள். இவளும் அப்படித்தான் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு கட்டி வருவாள்.

"கடிபட்டவங்களைக் குத்திடணும்னு எங்க கூட்டத்துல சட்டம் ஆண்ட்டி. எப்படியும் ஒரு நாள் உங்க பொண்ணை நான்தான் குத்தணுமாம். இப்பவே சொல்லிடறேன், அப்புறம் கோச்சுக்கக் கூடாது."

"வாயைக் கழுவுடி," என்று அம்மா அவள் தலையில் செல்லமாகத் தட்டினாள். தலைவி சிரித்தாள். குட்டி சிரிக்கவில்லை. எழுந்து நின்று, தலைவியின் தொண்டை பிஸ்கட்டை விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலாம் வாடி," என்று தலைவி கையைப் பிடித்தவள், "அய்யோ, ஐஸ் மாதிரி இருக்கு," என்று தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே அழைத்துப்போனாள்.

அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினாள். குப்பைக்கூடையில் ரத்தப் பஞ்சுகள் கிடந்தன. அவள் காய்ச்சும் ரத்தம் வெறும் சர்க்கரைப் பாகும் சாயமும்தான். கூடையில் போட்ட சற்று நேரத்துக்கெல்லாம் எறும்பு வரிசை கட்டிவிடும். இன்று ஓர் எறும்புகூட இல்லை. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பல்லு மாமா வந்தார். காட்டேரியாக நடிப்பவர், தொப்பையும் சிரிப்புமாக நல்ல மனுஷர். கறுப்பு அங்கிக்கு மேல் ஒரு துணியைச் சுற்றியிருந்தார். அவருடைய கோரைப்பல் கைக்குட்டையில் இருந்தது.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் இறுக்கமா ஒட்டிக் குடும்மா. வாயைத் தொறந்தா விழுந்துடுது, பயமுறுத்தறதா சிரிக்க வெக்கறதான்னே தெரியல. அந்தக் கடி சீனை எப்ப மறுபடி எடுக்கறாங்களாம்?"

"அதான் ரெண்டாவது டேக்ல ஓகே ஆயிடுச்சே மாமா."

"யாரை வெச்சு?"

அவள் சிரித்தாள். "விளையாடாதீங்க."

"நான் எதுக்கும்மா விளையாடறேன்? முதல் டேக்ல பல்லு கழண்டுச்சு. ரெடி பண்ண நேரமாகும், நீங்க போய்ச் சாப்பிட்டு வந்துடுங்கன்னு அந்த அசிஸ்டென்ட் தம்பிதான் அனுப்பினாரு. வேன்ல உக்காந்து சாப்பிட்டேன், ஒரு தூக்கமும் போட்டேன். இப்பத்தான் உள்ளயே வரேன்." கன்னத்தில் வெயில் சூட்டின் சிவப்பு இன்னும் போகவில்லை.

அவள் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது டேக்கை அவள் பார்த்திருந்தாள். டைரக்டரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, மானிட்டரில், எல்லோரோடும் சேர்ந்து. நீல வெளிச்சத்தில் குட்டி திரும்புகிறாள், பின்னால் இருட்டிலிருந்து கறுப்பு அங்கி வருகிறது, அவசரமில்லாமல், நடப்பதே தெரியாமல், தலை குனிகிறது. அந்தத் தோளுக்குத் தொப்பைக்காரரின் அகலம் இல்லை என்று இப்போது தோன்றியது. அப்போது தோன்றவில்லை. டைரக்டர் கையைத் தூக்கியவர் கட் சொல்ல மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். குட்டியின் குதிகால் தரையை உரசியது. மறுபடி உரசியது. பிறகு நின்றுவிட்டது. கழுத்திலிருந்து ரத்தம் இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

அவளும் தட்டினாள். பக்கத்திலிருந்த லைட்காரரிடம், "என் பொண்ணு" என்று பெருமையாகச் சொல்லவும் சொன்னாள்.

ரத்தக் குமிழ் எங்கே? சின்ன ரப்பர் குமிழ். அதிலிருந்து மெல்லிய குழாய் சட்டைக்குள் போகும். குட்டி உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் கழுத்தில் ரத்தம் வரும். முதல் டேக் முடிந்ததும் அவளே நிரப்பிக் கொடுத்தாள். மேசையில் தேடினாள். கழற்றிப் போட்ட காஸ்ட்யூமின் பையில் இருந்தது. எடுத்தாள்.

கனத்தது. முழுக்க நிறைந்திருந்தது. ஒரு சொட்டும் குறையவில்லை.

"என்னம்மா, முகமெல்லாம் வெளிறிடுச்சு?" என்றார் பல்லு மாமா. அவள் குமிழைக் கீழே போட்டாள். ஓடினாள்.

நடைபாதையில் கேபிள்கள் கிடந்தன. இரண்டு பக்கமும் அறைகள், கதவில்லாத வாசல்கள். ஒவ்வொரு வாசலையும் தாண்டும்போது உள்ளிருந்து குளிர்ந்த காற்று முழங்காலைத் தொட்டது. அந்த இரும்பு வாடை இப்போது விலகிப்போகவில்லை. கூடவே வந்தது.

"சைலன்ஸ்!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. கட்டடம் முழுவதும் அடங்கியது. அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. இல்லை. அவளுடையது மட்டும் இல்லை. நின்றாள். அதுவும் நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை.

கூடத்துக்குள் பாய்ந்து, கேமராவுக்கு நேராகப் போய், நாலு பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து குட்டியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கட்! அக்கா, என்ன பண்றீங்க? அறிவு இருக்கா?"

"அவளுக்கு முடியல சார். காத்தாட வெளிய கூட்டிட்டுப் போறேன்."

இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். அந்த நடைபாதை நீளம். விளக்கு இல்லை. கோடியில் பெரிய கதவு. அதன் அடியில் மட்டும் ஒரு கோடு வெயில். அதைப் பார்த்தபடி நடந்தாள். அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் போதும். ஆஸ்பத்திரி இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ரத்தம் ஏற்றுவார்கள். வேஷமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

"எங்கம்மா போறோம்?"

"வெளிய."

"வேணாம்மா."

"ஒண்ணும் ஆகாது கண்ணு. அம்மா இருக்கேன்ல?"

"வேணாம்மா."

தாழ்ப்பாளை இழுத்தாள். கதவைத் திறந்தாள். வெயில் விழுந்தது.

குட்டியின் முன்கை வெளிச்சத்தில் இருந்தது. பொங்கும் பால்போல் தோல் எழும்பியது. முடி கருகும் நாற்றம். "அம்மா!" என்று கத்தினாள். வேறு எதுவாகவும் இல்லை அந்தக் குரல். நடை பழகும்போது விழுந்து அடிபட்டுக் கத்திய அதே குரல்.

வெயில் நடைபாதையின் பாதி வரை நீண்டது. அது முடியும் இடத்தில் ஒரு ஜோடிக் கால்கள். வெறுங்கால்கள். தெறிக்கும் தண்ணீருக்கு ஒதுங்குவதுபோல் ஓர் அடி பின்னால் போயின.

வெளியே லாரி நின்றது. டிரைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாலு எட்டு வைத்தால் போதும்.

"அம்மா. அம்மா. எரியுதும்மா."

அவள் கதவைச் சாத்தினாள்.

இருட்டு. குட்டி அவள்மேல் விழுந்து விம்மினாள். அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நெஞ்சோடு நெஞ்சு அழுந்தியிருந்தது. ஒரு நெஞ்சுதான் துடித்தது. அவளுக்கும் அழுகை வந்தது. பயத்தைவிட அதிகமாக வந்தது.

"அம்மா, பசிக்குது."

"தெரியுதுடா." ரவிக்கைக் கழுத்தை இழுத்து விலக்கினாள். "இந்தா. என்கிட்ட எடுத்துக்க."

குளிர்ந்த மூக்கு அவள் கழுத்தைத் தொட்டது. முகர்ந்தது. விலகியது.

"நீ வேணாம்மா. நீ என் அம்மா."

நடைபாதையில் டார்ச் வெளிச்சம் ஆடியது. "ஆண்ட்டி? அங்கயா இருக்கீங்க? டைரக்டர் சார் காட்டுக் கத்தல் கத்தறார். குட்டிக்கு என்னாச்சு?"

தலைவி.

ஓடிப் போயிடு. அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, இப்போது சொல்லிவிடலாம். குட்டியின் விரல்கள் அவள் மணிக்கட்டில் இறுகின. அந்த விரல்கள் எலும்பாய்க் குளிர்ந்திருந்தன. பசியில் நடுங்கின.

"ஒண்ணுமில்லம்மா," என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "மயக்கம்தான். கிட்ட வா. அந்த டார்ச்சை அணைச்சிடு. அவளுக்குக் கண்ணு கூசுது."

தலைவி உடனே அணைத்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

ரப்பர் செருப்பின் சத்தம் நெருங்கியது. அதற்குப் பின்னால், அதே தாளத்தில், வெறுங்காலின் சத்தம்.

"குட்டி, எங்கடி இருக்கே? கையைக் குடு."

குட்டி அம்மாவின் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டு நீட்டினாள். அம்மா தடுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மண்டியிட்டு, கதவடியில் தெரிந்த வெயில் கோட்டை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, விரலால் அழுத்தி அழுத்தி, இடைவெளி இல்லாமல் அடைத்தாள்.