ரெண்டு தட்டினால் ரைட்

தட்டல் அன்றைக்குக் கீழேயிருந்து வந்தது.

மூன்றாவது மாடியில், டைப்பிஸ்ட் அம்மாவின் வாசல் நாற்காலியில் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு ஆறடி பின்னால் போய் நின்ற கண்டக்டரம்மாவுக்கு அது முதலில் பெரிதாகப் படவில்லை. வழக்கமாக மார்பு உயரத்தில் கேட்கும் டொக் டொக், இன்றைக்குக் கதவின் அடியில், கணுக்கால் உயரத்தில் கேட்டது. முட்டி வலி என்று புலம்புகிறவர், உட்கார்ந்தபடியே தட்டுகிறார் போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டு படி இறங்கினாள்.

நோய் வந்து ஊரை அடைத்ததும் பஸ்கள் டிப்போவில் படுத்துவிட்டன. பத்தொன்பது வருடம் டிக்கெட் கிழித்தவளை, தனியாக இருக்கும் முதியவர்களுக்குச் சாப்பாடும் மாத்திரையும் கொடுக்கும் வேலைக்கு நகராட்சி அனுப்பிவிட்டது. அவளோடு பஸ் ஓட்டிய டிரைவரே வேனையும் ஓட்டினார். கதவைத் திறந்தால் மூச்சுக்காற்று, கத்திப் பேசினால் எச்சில். அதனால் தனக்குத் தெரிந்த பஸ் பாஷையையே பெரியவர்களுக்கும் கற்றுக்கொடுத்தாள். உள்ளேயிருந்து ஒரு தட்டு என்றால் உதவி வேண்டும், நில். ரெண்டு தட்டு என்றால் நல்லா இருக்கேன், ரைட், நீ போ. காது மந்தமான எதிர்வீட்டு வாத்தியாருக்குப் புரியவேண்டுமே என்று இதை முதல் ஒரு வாரம் அந்த மாடியே அதிர தினமும் கத்தினாள்.

டிரைவருக்கும் அதே சட்டம்தான். நோய்க்குப் பயந்து சீட்டை விட்டு இறங்காத மனுஷன். ஒரு விசில் அடித்தால் மேலே வரவேண்டும். ரெண்டு விசில் அடித்தால் வேனை டிப்போவில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். டைப்பிஸ்ட் அம்மாதான் கடைசி வீடு, அந்த ரெண்டு விசிலை அவர் வாசலில் நின்றே அடிப்பாள். கண்டக்டரம்மாவின் வீடு அடுத்த தெருவிலேயே இருந்ததால் அவள் நடந்தே போய்விடுவாள்.

அன்று மத்தியானம் டைப்பிஸ்ட் அம்மாவின் மகள் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, அம்மா போனே எடுக்க மாட்டேங்கறாங்க."

"போன் கெட்டுப்போச்சோ என்னவோ. ரெண்டு தட்டு தட்டினாங்கம்மா. நல்லா இருக்காங்க."

"சத்தியமா?"

"என் காதால கேட்டேனே. நான் இருக்கேன்ல, நீ அழாத."

மறுநாளும் தட்டல் கீழேயிருந்தே வந்தது. நாற்காலியில் காலி டப்பா இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, டைப்பிஸ்ட் அம்மா டப்பாவைக் கழுவித் துடைத்து, ஒரு துண்டுச்சீட்டும் டைப் அடித்து வைப்பார். 'இன்று உப்பு அதிகம். நன்றி.' இல்லாவிட்டால் 'இன்று உப்பே இல்லை. நன்றி.' இன்றைக்குச் சீட்டு இல்லை. டப்பா கழுவப்படவில்லை, ஆனால் ஒரு பருக்கைகூட இல்லாமல் வழித்து நக்கியிருந்தது. மூடியின் ஓரமெல்லாம் மென்ற தடம். சர்க்கரை மாத்திரை மட்டும் பிரிக்காமல் அப்படியே திரும்பி வந்திருந்தது. அன்றைக்கும் மகளிடம் நல்லா இருக்காங்க என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, அன்று முழுக்க ஒரு வாய்ச் சோறு இறங்காமல் கிடந்தாள்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவள் படியேறும்போது மாடி ஜன்னல் வழியாக வெயில் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது, தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை, டைப்பிஸ்ட் அம்மாவின் கதவிடுக்கிலிருந்து மட்டும் கரண்ட் போய் நாலு நாள் மூடிக் கிடந்த பிரிட்ஜைத் திறந்ததுபோல் ஒரு நாற்றம் ரெண்டு முகக்கவசத்தையும் தாண்டித் தொண்டைவரை இறங்கியது.

"அம்மா, சாப்ட்டீங்களா?"

டொக் டொக்.

"மாத்திரை ஏன் போடல? டாக்டரக் கூப்பிடணும்னா ஒரே ஒரு தட்டு தட்டுங்க."

டொக் டொக்.

"ஒண்ணும்மா. ஒண்ணே ஒண்ணு."

டொக் டொக்.

"உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா?"

டொக் டொக்.

எதைக் கேட்டாலும் ரெண்டு. உள்ளே இருப்பதற்கு ரெண்டு மட்டும்தான் தெரியும்.

எதிர்க்கதவுக்குப் பின்னாலிருந்து வாத்தியாரின் குரல் வந்தது. "என்னம்மா, இன்னும் கிளம்பலையா?"

"சார், இந்தம்மா வீட்ல ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?" என்று கத்தினாள்.

"மூணு நாளா தட்டிக்கிட்டே இருக்காங்களே, ராத்திரியெல்லாம், என் மந்தக் காதுக்கே கேக்குது. நல்லா இருக்கேன்னுதானே அர்த்தம்? எனக்கும் தைரியமா இருந்துச்சு."

ஒரு விசில் அடித்திருக்கலாம். அடித்திருக்க வேண்டும். ஆனால் ரெண்டு நாளாக அம்மாவின் மகளிடம் சொன்ன பொய் அவளை விடவில்லை. முதலில் பார்த்துவிடுவோம், கீழே விழுந்து கிடந்தால் தூக்குவோம், விசிலை அப்புறம் அடிக்கலாம் என்று நினைத்தாள். அவசரத்துக்கென்று எல்லோரிடமும் வாங்கி வைத்திருந்த சாவிக்கொத்திலிருந்து சாவியைத் தேடி எடுத்துத் திருப்பினாள்.

கதவு ஒரு சாண் திறந்து எதிலோ இடித்து நின்றது. குனிந்து பார்த்தாள். டைப்ரைட்டர். அதன் எழுத்துகள்மேல் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. நரைத்த முடி கொத்தாக அதில் சிக்கியிருந்தது.

அதற்குப் பக்கத்தில், தரையோரம், டைப்பிஸ்ட் அம்மாவின் கை இருந்தது. பச்சைக்கல் மோதிரம். விரல் முட்டிகளில், தட்டித் தட்டி, எலும்பு தெரிந்தது. மணிக்கட்டோடு சரி. அதற்குப் பிறகு அம்மா இல்லை. அந்த இடத்தைச் சாம்பல் நிறத்தில் மெலிந்த வேறு விரல்கள் பிடித்திருந்தன. அவை கையைத் தூக்கின. கதவில் தட்டின.

டொக் டொக்.

அவள் எழுவதற்குள் கணுக்காலில் பிடி விழுந்தது. இடுக்கு வழியே உள்ளே இழுத்தது. மண்டை கதவு நிலையில் மோதியது. எலும்பு முறியும் சத்தம் கேட்டது. தன்னுடையதுதான் என்று பிறகுதான் உறைத்தது. கத்தினாள். முகக்கவசம் வாய்க்குள் போனது. கிழித்தாள். விசிலைக் கடித்தாள். ஒண்ணு. ஒரே ஒண்ணு. பாதி மூச்சுத்தான் போனது, சத்தம் வரவில்லை. பற்கள் அவள் விரல்களில் இறங்கின. ரெண்டு விரல் போய்விட்டது. விசில் கயிறு கழுத்தை அறுத்துக்கொண்டு பிய்ந்தது.

கதவு சாத்திக்கொண்டது. இருட்டு.

அவள் காதருகே விசில் ஊதியது. ரெண்டு தடவை. அளவாக, அவள் ஊதுகிற மாதிரியே.

கீழே டிரைவர் ஹாரனைத் தட்டினார். வேன் உறுமியது, திரும்பியது, தெருமுனையில் சத்தம் தேய்ந்துபோனது.

"என்னம்மா சத்தம்?" என்றார் வாத்தியார், தன் கதவுக்குப் பின்னாலிருந்து. "நல்லா இருக்கீங்களா?"

வாயைத் திறந்தாள். அதற்குள் ஒரு கை நுழைந்து நாக்கை அமுக்கியது. இன்னொரு கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. மெதுவாகத் தூக்கியது.

டொக் டொக்.

"சரிம்மா," என்றார் வாத்தியார்.

எதிர்வீட்டில் செருப்பு தேய்த்து நடக்கும் ஓசை உள்ளே போய் அடங்கியது. மணிக்கட்டில் இருந்த பிடி விடவில்லை. அது முறுக்கத் தொடங்கியது.