அசையக் கூடாத முள்

ராஜரத்தினம் கண்ணாடிக் கோலைக் கரைசலுக்குள் இறக்கியதும் அமில-கார அளவு காட்டும் கருவியின் முள் ஒன்பது புள்ளி இரண்டில் போய் நின்றது. பிறகு, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு கோடு வலப்பக்கம் நகர்ந்தது.

நகரக் கூடாது. வெண்காரத்தைக் கரைத்து அவனே காலையில் செய்த பஃபர் கரைசல் அது. ஒரு சொட்டு அமிலமோ காரமோ விழுந்தாலும் தன் அளவை விட்டுக்கொடுக்காது. ரப்பர் பாலை அளப்பதற்கு முன் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே அதை வைத்துத்தான். மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் அது. காஜா பெராங்கில் இருந்த அந்த ரப்பர் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இப்போது அவன் ஒருவன்தான். மூத்தவரான கருணாகரன் போன மாதம் அமோனியா கிடங்கில் மூச்சடைத்து இறந்துபோயிருந்தார்.

மணி மூன்றுதான். ஆனால் தகரக் கூரையில் இரைந்து இறங்கிய மழை வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட்டிருந்தது. புளித்த பாலின் வாடையும், மூக்கை அரிக்கும் அமோனியாவும், ஈரச் சுவரின் பூஞ்சை நெடியும் ஒன்றாய்க் குழைந்து, கழுவுதொட்டிக் குழாயின் சொட்டுச் சத்தத்தோடு சேர்ந்து, அந்த அறையை இன்னும் சின்னதாக்கின.

குடுவைகளைக் கழுவும் சீதா கதவைத் திறந்தாள்.

"அண்ணே, லாரி வந்து நிக்குது. ஆபீஸ் கிராணி நம்பர் கேக்குறாரு. கப்பலு காத்திருக்காதாம்."

"பஃபரே சரியா வரல. அஞ்சு நிமிஷம்னு சொல்லு."

அவள் மேசையருகே வந்து எட்டிப் பார்த்தாள். முள் துள்ளியது.

"தள்ளி நில்லும்மா."

விலகினாள், முள் இறங்கியது. அந்தக் கருவியின் குணம் அப்படி. பக்கத்தில் ஆள் வந்தாலே போதும், உடம்பின் மின்சாரம் பட்டு முள் துள்ளும்.

சீதா போனாள். கதவு சாத்திக்கொண்டது.

முள் மறுபடியும் நகர்ந்தது.

கரைசலைக் கொட்டினான். கோலை மூன்று தடவை காய்ச்சி வடித்த வாலை நீரில் அலசினான். புதுப் புட்டியைத் திறந்து ஊற்றினான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, சிலைபோல நின்றான். முள் மெல்ல ஏறியது. நின்றது. மெல்ல இறங்கியது. யாரோ குனிந்து எண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்வதுபோல.

கருணாகரன் அப்படித்தான் குனிவார். தினமும் அவரை விரட்டிப் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"தள்ளி நில்லுங்கண்ணே."

முள் இறங்கியது. ஒன்பது புள்ளி இரண்டு. அசைவில்லை.

அவன் முதுகில் வேர்வை வழிந்தது. ஆனாலும் மனசின் ஒரு மூலையில் பயம் கொஞ்சம் தணிந்தது. கருணாகரன் யாரையும் அதட்டிக்கூடப் பேசாத மனுஷன்.

"நீங்களாண்ணே?"

குழாய் சொட்டுவது நின்றிருந்தது.

முள் ஒரே பாய்ச்சலில் வலது கோடிக்குப் போய் முட்டியது. டிக். அங்கேயே நின்றது. நாலு பேர் சுற்றி நின்றபோதுகூட அது அவ்வளவு தூரம் போனதில்லை.

இது கருணாகரன் இல்லை.

அவன் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்வாங்கினான். ஓரடி. இரண்டடி. முள் அசையவில்லை. மூன்றாவது அடியில் அது இறங்கத் தொடங்கியது. அவன் பின்னால் போகப் போக முள்ளும் கீழே வந்தது. முதுகு கதவில் இடித்தபோது முள் ஒன்பது புள்ளி இரண்டில் நின்றது.

மேசையருகே இப்போது எதுவும் இல்லை.

அவனோடு வந்துவிட்டது.

திரும்பினான். கதவின் கண்ணாடிக்கு அப்பால் சீதா நின்றிருந்தாள்.

"சீதா... தொற."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு தலைக்கு மேலே. இன்னும் மேலே. கூரை உத்தரம் வரை அவள் கண் ஏறிக்கொண்டே போனது.

பார்வையை இறக்காமலே, கையால் துழாவி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள்.