இடது பக்கத் தரை

ஆகஸ்ட் பதினேழாம் திகதி பிற்பகல் மூன்றரை மணிக்குக் காரின் இடது பக்கத் தரை மறுபடியும் நனைந்திருந்தது.

கனகசபை குனிந்து விரலை வைத்துப் பார்த்தார். காலையில் அலுவலகத்துக்குப் போகுமுன் அவரே சாக்கால் ஒற்றி உலர்த்திய இடம். தேயிலைத் தோட்டத்தில் ஐந்து வாரமாக மழை இல்லை. வறண்ட கச்சான் காற்று கொட்டகைத் தகரத்தை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. தெமோதரைப் பக்க மலையில் காய்ந்த புல் எரிகிற புகை கதவிடுக்கால் நுழைந்து, கிரீஸோடும் பழைய தோல் இருக்கையின் நாற்றத்தோடும் கலந்து தொண்டையைக் கரகரக்க வைத்தது. அதற்கு அடியில் இன்னொரு மணம் இருந்தது. ஈரக் கம்பளி. மழை நாளில் மலைக்குப் போகும் பெண்கள் தலையில் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கம்பளி.

விரலைக் காற்சட்டையில் துடைத்தார்.

இரண்டே இருக்கைகள் கொண்ட சிவப்புப் பந்தயக் கார். கடைசி வெள்ளைக்காரத் துரை நாற்பத்தெட்டில் கப்பலேறும்போது அவருக்கு விற்றுவிட்டுப் போனது. தோட்டத்துப் பெரிய கிளாக்கரான அவர் துரையின் காரை ஓட்டுவதைப் பார்க்கத் தொழிலாளர் லயமே வாசலுக்கு வந்தது. ஆறு வருடம் ஓட்டினார். இந்த ஜனவரியில், அடைமழையில், தெமோதரைக்கு அப்பால் ஒரு வளைவில் கார் பள்ளத்துக்குப் போனது. பிழைத்துக்கொண்டார். இடது கால் சற்று இழுக்கிறது. கார் ஏழு மாதமாகக் கொட்டகையில் நிற்கிறது.

"இஞ்சாருங்கோ," என்றாள் மனைவி ஞானேஸ்வரி. வெளியே நின்றுதான் பேசுவாள், கொட்டகைக்குள் வருவதில்லை. "பண்டாரவளை ஆள் நாளைக்குப் பதில் கேக்கிறார். காரைக் குடுத்துத் துலையுங்கோ."

"இராயப்பன் பாத்திட்டுச் சொல்லட்டும். திருத்தலாமோ தெரியாது."

"அவன் என்னத்தைச் சொல்லுறது. நீங்கள் என்னைப் பாத்ததைவிட இந்தத் தகரத்தைப் பாத்ததுதான் கூட."

போய்விட்டாள்.

பதுளையில் கராஜ் வைத்திருந்த இராயப்பன் நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்கினான். காரை இரண்டு முறை சுற்றினான்.

"தூக்கிப் போட்டு மிதிச்ச மாதிரி இருக்குங்களே ஐயா. ஆனா எஞ்சின் நல்லா இருக்கு. சேசி வளையல. திருத்திரலாம். தரைப் பலகையத்தான் பூரா கழட்டணும்."

"பலகையைத் தொடவேண்டாம்."

"தொடாம எப்படிங்க? ஐயா பக்கம் காஞ்சு கெடக்கு. இந்தப் பக்கம் பாருங்க, உளுத்து ஓட்டை விழுந்து, பாசி புடிச்சிருக்கு."

"அப்ப விக்கிறன்."

"வாங்குறவரு மட்டும் கழட்டாம விடுவாருங்களா?" இராயப்பன் சிரித்தான். இடது இருக்கைக்கு அடியில் கையை விட்டு எதையோ எடுத்தான். பச்சைக் கண்ணாடி வளையல், அரைத் துண்டு. "அம்மாவோடதுங்களா?"

ஞானேஸ்வரி பொன் வளையல் மட்டுமே போடுவாள்.

"ஓம்."

"அன்னைக்கு வண்டியில ஐயா மட்டுந்தானே?"

"நான் மட்டும்தான்."

அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலை அவர் சொல்வது இது இரண்டாவது தடவை.

அன்று மழையில், தோட்ட ரோட்டில், தனலெட்சுமி நின்று கைகாட்டினாள். கொழுந்து பறிப்பவள். நிறைமாதம். புருஷன் இந்தியாவுக்குப் போய்விட்டான். வலி கண்டிருந்தது; தோட்ட லொறி எங்கோ போய்த் திரும்பவில்லை. பதுளை ஆஸ்பத்திரி வரைக்கும் ஐயா, என்றாள். கனகசபை கதவைத் திறந்தார். பிறகுதான் யோசித்தார். பெரிய கிளாக்கரின் காரில், அவருக்குப் பக்கத்து இருக்கையில், லயத்துப் பெண். ஆலையைத் தாண்டவேண்டும். துரையின் பங்களாவைத் தாண்டவேண்டும். அவளும் அந்த இருக்கையில் உட்காரத் தயங்கித்தான் நின்றாள்.

"கீழை குந்து," என்றார். "கம்பளியாலை மூடிக்கொள். நான் சொல்லுமட்டும் எழும்பாதை."

அவள் அப்படியே செய்தாள். ஆலை போயிற்று. பங்களா போயிற்று. தெமோதரையில் ரயில்வே கிளாக்கர் குடையோடு நின்றார். யாழ்ப்பாணத்தில் இருவருக்கும் ஒரே ஊர். கையசைத்தார். கனகசபையும் அசைத்தார். அவளை எழும்பச் சொல்ல இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று நினைத்தார். கீழே அவள் முனகவும் இல்லை. அடுத்தது வளைவு.

கார் உருண்டு ஒரு மரத்தில் மோதி நின்றது. கன்வஸ் கூரை கிழிந்து தொங்கியது. இடது பக்கம் யாரும் இல்லை. கீழே ஆறு இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் ஒரு குரல் கொஞ்ச நேரம் கேட்டது. லொறியில் வந்தவர்கள் அவரைத் தூக்கினார்கள். காரில் கிடந்த கம்பளியை எடுத்து அவருக்கே போர்த்தினார்கள். வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டார்கள்.

மூன்று நாள், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் தனலெட்சுமியின் பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். புருஷன் பின்னாலேயே போய்விட்டாள் என்றது லயம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கனகசபைதான் பதிவேட்டில் அவள் பேரை வெட்டினார்.

"சரிங்க, பலகைய அப்புறம் பாப்போம்," என்றான் இராயப்பன். "முன் சில்லு திரும்புதான்னு பாத்துருவோம். ஐயா ஏறி ஸ்டியரிங்கப் புடிங்க. நான் அடியில போறேன்."

மறுக்க ஒரு காரணம் தேடினார். கிடைக்கவில்லை. ஏறினார். ஏழு மாதத்தில் முதல் தடவை. இருக்கை அவர் உடம்பை மறந்திருக்கவில்லை. இராயப்பன் மல்லாந்து காருக்கு அடியில் ஊர்ந்தான். அவன் பாதங்கள் மட்டும் முன்னால் தெரிந்தன.

காற்று விழுந்தது. தகரம் தட்டுவது நின்றது. எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது.

"இடது பக்கம் ஒடிங்க."

ஒடித்தார்.

"இன்னும்."

திருத்தினால் பலகை கழலும். விற்றாலும் கழலும். வளையலின் மற்றப் பாதியும் வேறு எதுவும் வெளியே வரும். மலையில் புல் எரிகிறது. ஒரு பொறி பறந்து வந்தால் போதும். கொட்டகையோடு கார் எரிந்து போய்விடும். யாரும் கேட்கமாட்டார்கள். ஏன் இது முன்பே தோன்றவில்லை? நாளைக்கு. இராயப்பன் போனதும். இன்றைக்கே. நெஞ்சு லேசாயிற்று.

"ஐயா." இராயப்பனின் குரல் பலகைக்கு அடியிலிருந்து வந்தது. "அம்மாவக் காலக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க. ஓட்டையில வெரலு தெரியுது. ஆணி கிழிச்சிரும்."

கனகசபை வாசலைப் பார்த்தார். முற்றத்துக்கு அப்பால், வெயிலில், ஞானேஸ்வரி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

இடது பக்கம் பார்க்கவில்லை.

மணம் கூடியது. இழுக்கும் காலின் முழங்காலில் ஏதோ உரசியது. ஈரம். கம்பளி மயிர்.

 

கீழே மூச்சு. யாருக்கும் கேட்கக்கூடாதென்று அடக்கி அடக்கி விடும் மூச்சு. அதனோடு இன்னொன்று. மிகச் சிறியது.

பிறகு ஒரு குரல். தாழ்வாக. மரியாதையாக.

"ஐயா, இப்ப எந்திரிக்கலாமுங்களா?"